காயாங்காட்டு உத்தரவு

அநியாயம் நடந்தது ஒரு காட்டுக்கு அக்கா. மீமிசலுக்குத் தெற்கே சேந்தன்திடல் என்று ஓர் ஊர். அங்கே அய்யனார் கோயிலைச் சுற்றி இருக்கிற காயாங்காடு. இருந்த காயாங்காடு. அதில் பாதியைச் சாமி பெயரைச் சொல்லியே வழித்தெடுத்துவிட்டார்கள். வெட்டியவர்கள் யாரோ எவரோ இல்லை, அந்தச் சாமியைக் குலதெய்வமாகக் கும்பிடுகிற அதே ஆட்கள். மீதிப் பாதிக்கும் இன்றைக்கு நாள் குறித்திருந்தார்கள். அதைத் தடுக்கத்தான் போய்விட்டு வருகிறேன். தடுத்தேனா என்று இப்போதே கேட்காதீர்கள். முதலிலிருந்து சொல்கிறேன். இந்த டிரைவர் ஓட்டுகிற லட்சணத்துக்கு அறந்தாங்கி போய்ச் சேர நிறைய நேரம் இருக்கிறது.

அந்த ஜன்னலை மட்டும் கொஞ்சம் இறக்கிவிடுங்கள். நான் கத்திப் பேசுகிற ஆள்தான், ஆனால் காற்றோடு போட்டி போட முடியாது.

நான் தாவரவியலில் ஆராய்ச்சி செய்கிறேன். செடி கொடிக்கெல்லாம் ஒரு படிப்பா, அதற்கு இத்தனை வருஷமா என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்க வாயெடுத்தீர்கள், பார்த்தேன். பரவாயில்லை, எங்கள் வீட்டிலேயே அதைத்தான் கேட்கிறார்கள்.

அந்தக் காட்டைப் பார்த்தால் நீங்களும் காடு என்று சொல்ல மாட்டீர்கள். புதர் என்பீர்கள். அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கடலிலிருந்து கூப்பிடு தூரம். மணல், உப்புக்காற்று, ஐப்பசி கார்த்திகையில் பெய்வதுதான் மழை, மற்ற நாளெல்லாம் வெயில். அந்த வெயிலிலும் வருஷம் முழுக்கக் கரும்பச்சையாக நிற்கிற காடு அது. இந்தக் கடலோரத்தை விட்டால் இலங்கைப் பக்கம் கொஞ்சம் இருக்கிறது, அவ்வளவுதான். காயா, வீரை, பாலை, குருந்து. எல்லாமே ஓர் ஓட்டு வீட்டு உயரம். கீழே காரையும் சூரையும் முள்ளாலேயே வேலி போட்டிருக்கும். உள்ளே போக வேண்டுமானால் குனிய வேண்டும். நம் ஜனங்களுக்கு அதுதான் ஆகவில்லை. காட்டுக்குள்ளும் கல்யாண மண்டபத்துக்குள் நுழைகிற மாதிரி நுழைய வேண்டும் அவர்களுக்கு.

காயாம்பூ வண்ணன் என்று பெருமாளைச் சொல்கிறீர்களே, காயாம்பூவைப் பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருக்க மாட்டீர்கள். அதைச் சொல்கிறவர்களில் ஒருவரும் பார்த்ததில்லை. மாசி பங்குனியில் போனால் தெரியும். கிளையிலேயே ஒட்டிக்கொண்டு கொத்துக் கொத்தாக நீலம். நானே முதல் தடவை பார்த்தபோது யாரோ நூல் கண்டைச் சுற்றிவிட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

என் கைடு ஒருவர் இருக்கிறார், பேராசிரியர் அறவாழி. கனடாவின் மேற்குக் கடற்கரைக்கு ஒரு மாநாட்டுக்குப் போய்விட்டு வந்தார், அதிலிருந்து மனிதருக்கு நம் ஊர் மரம் எதுவும் கண்ணில் படவில்லை. எந்த வகுப்பானாலும் அந்தப் படங்கள்தான். குளிர்ந்த கடல், மூடுபனி, மூன்று பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத செடார் மரங்கள், கிளையெல்லாம் தாடி மாதிரி பாசி, தரையில் இடுப்புயரப் பெரணி.

"காடுன்னா இது. அண்ணாந்து பாக்கணும். கழுத்து வலிக்கணும்."

நான் எழுந்தேன். "சார், அங்க மாசக்கணக்கா மழை விடாது. அந்த மரத்தை இங்க கொண்டாந்து நட்டா ஒரு சித்திரை தாங்குமா?"

"நான் மரத்தைச் சொல்லலை ரூபா. மனப்பான்மையைச் சொல்றேன்."

மனப்பான்மைக்கும் பாசி பிடித்துவிட்டது சார் என்று வாய்வரை வந்தது. சொன்னேனா இல்லையா என்று ஞாபகம் இல்லை. வகுப்பு சிரித்தது, அதனால் சொல்லியிருக்கிறேன்.

அந்த மனிதரிடம் நான் காயாங்காட்டை ஆராய்ச்சிக்கு எடுத்ததே ஒரு சண்டை. கடைசியில் ஒரு நிபந்தனை வைத்தார். ஒவ்வொரு மரத்திலும் பூவோடு ஒரு கிளை, காயோடு ஒரு கிளை வெட்டிவந்து, காகிதத்தில் வைத்து அழுத்தி, உலர்த்தி, துறையில் சேர்க்க வேண்டும். அது நியாயம்தான், எல்லா ஆராய்ச்சிக்கும் உள்ளதுதான். ஆனால் அந்த ஊரில் கிளையை வெட்டவே முடியாது.

ஏன் என்கிறீர்களா? அய்யனார் காட்டிலிருந்து ஒரு துரும்பு வெளியே போகக் கூடாதாம். எல்லையில் ஒரு கல் நட்டிருக்கிறது. வெளியே வருகிற யாரும் அங்கே நின்று துணியை உதற வேண்டும். காலில் முள் ஏறியிருந்தால் பிடுங்கி உள்ளேயே எறிய வேண்டும். பூசாரி சிங்காரம் வேளார் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். எந்நேரமும் வாயில் வெற்றிலை, பாதி வார்த்தை உள்ளேயே போய்விடும், ஆனால் கண் மட்டும் கழுகு. முதல் நாள் என் சுடிதாரில் நாயுருவி விதை ஒட்டியிருந்தது. ஒவ்வொன்றாக எடுக்க வைத்தார்.

"அது ஒட்டிக்கிட்டுப் போய்ப் பரவுறதுக்குன்னே உண்டான விதை வேளாரே. அதோட பொழப்பே அதுதான்."

"பரவட்டும் தாயி. யாரு வேணாங்குறா? உள்ளயே பரவட்டும்."

இப்படிப்பட்ட மனிதரிடம் என்ன பேசுவது? எனக்கு மூடநம்பிக்கையைக் கண்டால் உடம்பு கூசும். பயத்தால் காப்பாற்றப்படுகிற காடு ஒரு காடா? அறிவால் காப்பாற்ற வேண்டும். நாலு பேர் படிக்கிற மாதிரி எழுத வேண்டும், பெயர் சொல்ல வேண்டும், வெளியுலகத்துக்குக் காட்ட வேண்டும். நான் அதைச் செய்யத்தான் போனேன். அவர் என் தலையில் சருகு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் விடவில்லை. போகும்போதெல்லாம் கேட்டேன். கடைசியில், "எங்கிட்டக் கேட்டு என்ன செய்ய? சிவராத்திரிக்கு வா, சாமிகிட்டயே கேட்டுருவோம்" என்றார். வருஷத்துக்கு ஒரு சிவராத்திரி, அந்தச் சிவராத்திரியில் ஒரே ஒரு கேள்வி. அதற்கு மேல் அய்யனார் பதில் சொல்ல மாட்டாராம். எங்கள் துணைவேந்தரே பரவாயில்லை.

பூக்கட்டிப் பார்ப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப்பூ, ஒன்றில் சிவப்புப்பூ. சாமி முன்னால் போட்டு, ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வது. வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் இல்லை. ஆமாம், உங்கள் வீட்டில் கல்யாணத்துக்குப் பார்த்திருப்பீர்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

சிவராத்திரிக்குப் போனால் காட்டு வாசலில் முப்பது கார். திருப்பூர், சென்னை, கோயம்புத்தூர் என்று பிழைக்கப் போன பங்காளிகள் எல்லாரும் குலதெய்வம் கும்பிட வந்திருந்தார்கள். வருஷத்துக்கு ஒரு நாள் வருவார்கள், வந்த நாள் முழுக்கக் குறை சொல்வார்கள். முள் கிழிக்கிறது, குழந்தைக்குக் கொசு கடிக்கிறது, உட்கார இடமில்லை. அவர்களுக்குத் தலைவர் மாதிரி ஒருவர், மலையப்பன். திருப்பூரில் பனியன் கம்பெனி. "போன வருசம் என் வண்டிக்கு இந்தப் பக்கம் பூராக் கீறல்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். காட்டைத் திருத்தி, மண்டபம் கட்டி, கார் நிறுத்த இடம் விட வேண்டும் என்று அவர் வருஷா வருஷம் பூக்கட்டிக் கேட்பாராம். வருஷா வருஷம் சிவப்பு. அந்தத் தடவை என் கேள்வியும் சேர்ந்துகொண்டது. இரண்டில் எதைக் கேட்பது என்று ஒரே கூச்சல்.

வேளார் சொன்னார்: "பாவம் படிக்கிற பிள்ளை. இந்த வருசம் அதுக்குக் கேப்போம். ஒரு கிளை எடுத்துக்கலாமா சாமின்னு கேப்போம்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு கிளையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? காயா வேண்டும், வீரை வேண்டும், குருந்து வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு சிவராத்திரி காத்திருந்தால் எனக்குப் பட்டம் கிடைக்கும்போது பல்லிருக்காது. "இதென்ன சந்தையா, கிளைக்குக் கிளை பேசிக்கிட்டிருக்க? பொதுவாக் கேளுங்க. காட்டுல கை வைக்கலாமா, கூடாதா? அவ்வளவுதானே?"

மலையப்பன்தான் முதலில் பேசினார். "பாப்பா சொல்றது ரொம்பச் சரி. படிச்சவங்க படிச்சவங்கதான்." எழுந்து தன் நாற்காலியை எனக்குக் கொடுத்தார். அத்தனை பேரிலும் படிப்புக்கு மரியாதை தெரிந்த மனிதர் அவர் ஒருவர்தான் என்று நினைத்தேன். என் ஆராய்ச்சியைப் பற்றியெல்லாம் விசாரித்தார். கைடு நம்பரைக்கூட வாங்கிக்கொண்டார், நான்தான் கொடுத்தேன்.

அடுத்த கூத்தைக் கேளுங்கள். பொட்டலத்தைப் பங்காளிகள் யாரும் கட்டக் கூடாதாம். சம்பந்தம் செய்தவர்களும் கூடாதாம். காட்டில் ஆதாயம் இல்லாத வெளி ஆள் கட்ட வேண்டும். போன வருஷம் டவுன் பஸ்ஸை நிறுத்திக் கண்டக்டரை இறக்கிக் கட்டச் சொன்னார்களாம். இந்த வருஷம் வேளார் சுற்றுமுற்றும் பார்த்தார். என்மேல் கண் நின்றது.

"நீயே கட்டு தாயி. நீ நமக்குப் பங்காளியா, சம்பந்தியா? உனக்கு இங்க என்ன இருக்கு?"

பார்த்தீர்களா அறிவை! வழக்கு போட்டவளையே கூப்பிட்டுத் தீர்ப்பு எழுதச் சொல்கிறார்கள். ரத்த சம்பந்தம் இல்லாவிட்டால் ஆசையும் இருக்காது என்று முடிவுகட்டி வைத்திருக்கிறார்கள். இரண்டு நந்தியாவட்டை, இரண்டு செவ்வரளி, பூவரச இலை, வாழைநார் எல்லாம் ஒரு தட்டில் வைத்துக் கொடுத்தார்கள். மண்குதிரைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். யாரும் எட்டிப் பார்க்கவில்லை, அது முறையில்லையாம்.

இரண்டிலும் நந்தியாவட்டையை வைத்துக் கட்டினேன். செவ்வரளியைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? மூன்று வருஷ உழைப்பைப் பாதிக்குப் பாதி வாய்ப்பில் விட்டுவிடச் சொல்கிறீர்களா? ஒரு குழந்தையின் கை எந்தப் பக்கம் போகிறது என்பதிலா அறிவியல் நிற்க வேண்டும்? அது ஏமாற்று இல்லை அக்கா. ஏமாற்றுவதற்கு எதிரே ஒருவர் இருக்க வேண்டும். அங்கே இருந்தது ஒரு கல்.

ஒரு சிறுமி ஒன்றை எடுத்தாள். வேளார் பிரித்தார். வெள்ளை. பெண்கள் குலவை போட்டார்கள், மலையப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டார், எனக்கு இலை நிறையச் சர்க்கரைப் பொங்கல் வந்தது. இன்னொரு பொட்டலத்தைப் பிரிக்கிற வழக்கம் இல்லை, அதை அப்படியே கிணற்றில் போட்டுவிடுவார்களாம். வேளார் மட்டும் அந்தப் பூவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பொங்கல் ஆறிப்போகிற வரைக்கும் நின்றார். நான் பூத்த கிளைகளை வெட்டிக் கட்டிக்கொண்டு எல்லைக்கல்லைத் தாண்டும்போது அவர் என்னைச் சோதிக்கவில்லை. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். ஒரே நாளில் மனிதர் திருந்திவிட்டாரே என்று நினைத்தேன்.

அதற்கப்புறம் மழைக்கு முன்னால் காய் எடுக்கலாம் என்று ஆடியில் போனேன். இதே பஸ்தான். கண்டக்டர், "சேந்தன்திடல் வந்துருச்சும்மா, இறங்கு" என்றார். நான் இறங்கவில்லை. "இங்கேருந்து கடல் தெரியாதேண்ணே" என்றேன். "இப்பத் தெரியுது, இறங்கு" என்றார்.

தெரிந்தது. ரோட்டிலிருந்தே கடல் தெரிந்தது. நடுவில் ஒன்றுமில்லை, வழித்த தலை மாதிரி மணல். ஜேசிபி பல் பதிந்த தடம்கூட அழியவில்லை. அந்த மணலில் வரிசை வரிசையாகப் பச்சை வலைக் கூண்டு. ஒவ்வொரு கூண்டுக்குள்ளும் ஒரு கன்று. மலையில் வளர்கிற வேங்கை, ஆற்றங்கரையில் வளர்கிற மருது. உப்புக்காற்றில் எல்லாம் நுனி கருகி நிற்கிறது. பின்னால் ஒரு பேனர். "பூர்வீக மரங்கள் மீட்பு விழா. முதல் கன்றை நடுபவர்: பேராசிரியர் அறவாழி." கூலிங் கிளாஸ் போட்டு, செடார் மரத்தடியில் நிற்கிற படம்.

அங்கே நின்றுகொண்டே போன் போட்டேன். "சார், நீங்க கன்னு நட்ட இடத்துல என்ன இருந்துச்சு தெரியுமா?"

"புதரைத்தான்மா எடுத்தோம்னு சொன்னாங்க. உன் மூலமா வந்த அழைப்புதானே, மறுக்க முடியலை. மேடையில உனக்கு நன்றிகூடச் சொன்னேன்."

நன்றி! காயாவைப் பிடுங்கிப் போட்டு, அந்தக் குழியில் நின்று பூர்வீக மரத்தைப் பற்றி அரைமணி நேரம் பேசியிருக்கிறார். கைதட்டியிருக்கிறார்கள். இந்த மனிதர் கையெழுத்துப் போட்டால்தான் எனக்குப் பட்டம்.

ஒரு பக்கமாகத் தள்ளி, கோயிலைச் சுற்றிப் பாதிக் காடு மட்டும் மிச்சம் இருந்தது. வேளார் மொட்டை மணலுக்குள்ளிருந்து நடந்து வந்தார். எல்லைக்கல் இருந்த இடத்தில் நின்றார். வேட்டியை உதறினார்.

"எதை உதறுறீங்க? உதற என்ன இருக்கு?"

"பழக்கம் தாயி."

"டிராக்டர் டிராக்டரா வெளியே போச்சே, அப்ப எங்க போச்சு உங்க துரும்புக் கணக்கு? குறுக்கே போய்ப் படுத்திருக்க வேண்டாமா?"

"உத்தரவு ஆயிருச்சே."

"அழுதீங்களாம்? கண்டக்டர் சொன்னார்."

"அழலாம். அழுதா உத்தரவு மாறிருமா?"

அப்போதே அவரிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்கிறீர்களா? ஓர் ஆளிடம், அதுவும் வெற்றிலை மென்றுகொண்டு தலையாட்டுகிற ஆளிடம் சொல்லி என்ன பயன்? வாதம் என்றால் சபை வேண்டும். மீதிக் காட்டை எடுத்து மண்டபத்துக்குப் பூமி பூஜை போட எல்லாப் பங்காளிகளும் வருகிறார்கள் என்று அவரே சொன்னார். அந்த நாளுக்குக் காத்திருந்தேன். அந்த நாள்தான் இன்றைக்கு.

காலையில் போனேன். பந்தல், மேளம், ஜேசிபிக்கு மாலை. ஜேசிபிக்கு மாலை போட்டுச் சந்தனம் வைத்திருக்கிறார்கள் அக்கா! காட்டோரமாகவே நிறுத்தியிருந்தார்கள், பூஜை முடிந்ததும் இறக்க வேண்டியதுதான் பாக்கி. மலையப்பன் என்னைப் பார்த்ததும் ஓடிவந்தார். "வாங்க பாப்பா, வாங்க! இவங்க வந்த நேரந்தான் நமக்கு வழி பொறந்துச்சு. ரெண்டு வார்த்தை பேசட்டும்" என்று மைக்கைக் கையில் கொடுத்தார். கேட்காமலே கொடுத்தார்.

நான் நன்றாகப் பேசுவேன் என்று எல்லாரும் சொல்வார்கள். இன்றைக்கு அதைவிட நன்றாகப் பேசினேன். ஒரு படி விடவில்லை. "நீங்கள் இந்தக் காட்டை வெட்டுவதற்கு ஆதாரம் ஓர் உத்தரவு. அந்த உத்தரவுக்கு ஆதாரம் ஒரு வெள்ளைப்பூ. அந்த வெள்ளைப்பூ வந்ததற்குக் காரணம் சாமி இல்லை, நான். இரண்டு பொட்டலத்திலும் வெள்ளையைத்தான் வைத்தேன். சிவப்பு என் கைப்பையில் இருந்தது. குழந்தை எதை எடுத்திருந்தாலும் வெள்ளைதான் வந்திருக்கும். ஆகவே அது உத்தரவே இல்லை. ஆகவே வெட்டியதும் தப்பு, இனி வெட்டப் போவதும் தப்பு. ஜேசிபியைத் திருப்பி அனுப்புங்கள்."

மேளம் நின்றுவிட்டது. பின்னாலிருந்து ஒரு பெண் "அடிப் பாவி" என்றாள். மலையப்பன் முகத்தில் ரத்தமே இல்லை, துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். எந்தப் பக்கம் போனாலும் வழி இல்லாத மாதிரி கட்டிய வாதம் அது. ஒரு நிமிஷம், சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் காடு பிழைத்துவிட்டது.

இனி வேளார் ஒரு வார்த்தை சொன்னால் போதும். காடு போகிறதே என்று அந்தக் கூட்டத்தில் அழுதவர் அவர் ஒருவர்தானே. "சாமி சொல்லலை, நிறுத்துங்க" என்று பூசாரி சொல்லிவிட்டால் யார் மீறுவார்கள்? நான் அவரைப் பார்த்தேன். கூட்டமே அவரைப் பார்த்தது. அவர் மெல்ல எழுந்து வந்தார். வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார், இன்றைக்குத்தான் அவர் வாய் காலியாக இருந்து பார்த்தேன்.

"ரெண்டுலயுமா தாயி?"

"ரெண்டுலயும்."

"ஒண்ணுலகூடச் சிவப்பு இல்லையா?"

"இல்லை வேளாரே. நானே என் கையால கட்டினேன். சாமிக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை."

அவர் அய்யனார் பக்கம் திரும்பினார். மிச்சமிருந்த காட்டைப் பார்த்தார், ரொம்ப நேரம் பார்த்தார். கண்ணில் நீர் வழிந்தது, துடைக்கவில்லை. பிறகு என்னைப் பார்த்து, என்னை அக்கா, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டார். கும்பிட்டுவிட்டு மலையப்பனிடம் சொன்னார்:

"பாத்தியாப்பா. ஒரு பொட்டலத்துல மட்டும் சொன்னா இந்தச் சிங்காரம் நம்பமாட்டான், குறுக்க விழுந்து மறிப்பான்னு, சாமியே வெளியூர்ப் பிள்ளை கைக்குள்ள வந்து உக்காந்து ரெண்டுலயும் சொல்லியிருக்கு. வண்டியை எடுக்கச் சொல்லு."